இரண்டாம் ஃப்ளோரின் சிரிப்பு ஷாட்

மே 27, 2019, திங்கள்

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. நேற்றுப் பிடித்துவைத்த அரை வாளியில் குளித்தேன்.

மரகதா ஸ்டுடியோவில் வசுமதியைப் பார்த்தேன். ஸ்டுடியோவைக் கட்டிய தியாகேசனின் பேத்தி. இப்போது நிர்வாகம் அவள் கையில். சாலிகிராமத்து இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இடிக்கத் தொடங்குவார்களாம். அதற்கு முன்னால் ஸ்டுடியோவின் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதித் தர வேண்டும் என்று கேட்டாள்.

"சினிமாப் பக்கம் எழுதினவங்கள்ல ஞாபகத்தோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான் மேடம்."

"உயிரோட இருக்கறதுன்னே சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

சிரித்தாள். ஒப்புக்கொண்டேன். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. தினமும் ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்பதே நன்றாக இருக்கிறது.

மே 30, வியாழன்

ஸ்டுடியோவைச் சுற்றி நடந்தேன். முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

முதல் ஃப்ளோர் 1957 என்று எல்லாரும் எழுதிவந்திருக்கிறோம். தவறு. 57இல் போட்டது பூஜை மட்டும்தான். கூரை ஏறியது அடுத்த வருடம் மாசியில். சீர்காழிப் பக்கம் டூரிங் டாக்கீஸ் நடத்திக்கொண்டிருந்த தியாகேசன், யுத்தகாலத்து விமானக் கொட்டகைத் தகரத்தை ஏலத்தில் எடுத்துவந்து கூரை போட்டார். சத்தம் நுழையாமலிருக்கச் சுவரில் தேங்காய் நாரும் கோணியும் அடைத்தார். எவ்வளவு அடைத்தும் தகரத்தில் காக்கை வந்து உட்கார்ந்தால் வசனத்தின் நடுவே அதன் நகம் பிறாண்டுவது கேட்டதாம். அதனால் கவணோடு ஒருவரைக் கூரைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். சம்பளப் பட்டியலில் அவருக்கு 'ஒலிப்பதிவு உதவியாளர்' என்று பெயர்.

இரண்டாம் ஃப்ளோர்தான் பெரியது. தொண்ணூறுகளில் சினிமா குறைந்து சீரியல் வந்ததும் அதை நான்காகத் தடுத்துப் பணக்கார வீடு, ஏழை வீடு, போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று செட் போட்டார்கள். பணக்கார வீட்டு மாடிப்படி இன்னும் நிற்கிறது. பதினாலு படி ஏறினால் மேலே ஒரு பலகை, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. மூன்று சீரியல்களின் மருமகள்கள் அந்தப் பலகையில் நின்றபடிதான் மாமியாரை முறைத்தார்கள்.

இப்போது அங்கே ஒரு சமையல் நிகழ்ச்சி மட்டும் நடக்கிறது. ஃப்ளோர் முழுக்க வெங்காயம் வதங்கும் வாசனை.

ஜூன் 4, செவ்வாய்

செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியப்பன் இன்று தன் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சுவர் முழுக்க, மாலை போட்டுச் சுவரில் மாட்டுவதற்கான படங்கள். சீரியலில் செத்துப்போன அப்பாக்கள், மாமாக்கள், முதல் மனைவிகள். பொட்டு வைத்த இடத்தில் கண்ணாடி மங்கியிருக்கிறது. பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

"சம்பளம் ஏத்திக் கேட்டா புரொடியூசர் என்னைக் கூப்பிடுவாரும்மா. ஆர்ட்டிஸ்ட் காதுல விழற மாதிரி, 'கன்னியப்பா, சாரை நல்லதா ஒரு போட்டோ எடுத்து பிரேம் போட்டு வை'ம்பார். அத்தோட பேச்சு முடிஞ்சுடும்."

"அப்புறமும் கேட்டா?"

"அதான் மாட்டி வச்சிருக்கேனே."

சிரிப்பு ஷாட் பற்றியும் விவரமாகச் சொன்னார். எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், ஆனால் புத்தகத்துக்கு வேண்டும். பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. ஷாட் முடிந்ததும் கேமராவைத் திரும்ப ஓடவிட்டு, அவர் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அப்போதுதான் தோஷம் கழியும், இல்லாவிட்டால் செத்தது செத்ததாகவே இருந்துவிடும் என்று நம்பினார்கள். பிலிம் கிடைக்காத காலத்தில்கூடத் தியாகேசன் இதற்கென்று சில அடி ஒதுக்கிவைப்பாராம். எடிட்டிங்கில் வெட்டிப் போட்டுவிடுவார்கள். அதனால் ஜனங்கள் யாரும் பார்த்ததில்லை.

மேல் வரிசையில் ஞானதுரையின் படம் இருந்தது. நான்கு வருடம் ஓடிய ஒரு சீரியலில் அப்பா வேஷம். 2002இல் சாகடித்தார்கள்.

"எடுத்துட்டுப் போறீங்களாம்மா? எப்படியும் குப்பைக்குத்தான் போகும்."

எதற்கு என்று கேட்டுவிட்டு வந்தேன். கன்னியப்பனுக்கு விஷயம் தெரியும். ஞானதுரையும் நானும் பதினொரு வருடம் கணவன் மனைவியாக இருந்தோம். 1990இல் பிரிந்தோம். சண்டை என்று பெரிதாக இல்லை. அவருக்கு ஷூட்டிங் இல்லாத நாட்களில் எனக்கு வேலை அதிகமாக இருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

பேட்டி எடுக்க வேண்டியவர்களில் ஞானதுரையைக் கடைசியாகத்தான் வைத்திருந்தேன். இன்று வர வேண்டிய கேமராமேன் ஊருக்குப் போய்விட்டார். நேரம் இருந்ததால் போனேன். சேலை கசங்கும் என்று பஸ்ஸில் போகாமல் ஆட்டோ வைத்துக்கொண்டேன்.

போரூரில் அவருடைய அக்கா மகள் ரூபியின் வீட்டு மாடியில் ஓர் அறை. எழுபத்திரண்டு வயது. தலைக்கு மை போடுவதை விடவில்லை. போன் சார்ஜரிலேயே கிடக்கிறது. நான் இருந்த நேரத்தில் இரண்டு தடவை அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"யார் கூப்பிடணும்?"

"யாராவது. தாத்தா வேஷத்துக்கு இதான வயசு?"

ஸ்டுடியோவை இடிக்கப்போகிறார்கள் என்றேன்.

"என்னை அந்த ரெண்டாம் ஃப்ளோர்லதான் சாகடிச்சாங்க வல்லி. சாகடிச்சவங்க எழுப்பாம விட்டுட்டாங்க."

அன்றைக்கு எல்லாரும் அழும் காட்சி எடுத்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டதாம். ஜெனரேட்டர் வண்டி வருவதற்குள் டைரக்டர் சோமநாதன் பேக்கப் சொல்லிவிட்டார். சிரிப்பு ஷாட் எடுக்கவில்லை. இவரும் மூக்கில் இருந்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு கம்பெனியிலிருந்தும் அழைப்பு வரவில்லை. பதினேழு வருடம்.

"சிரிப்பு ஷாட் எடுக்காம எத்தனையோ பேர் இன்னும் நடிச்சிட்டிருக்காங்க" என்றேன்.

"யாரு? ஒரு பேரு சொல்லு பாப்போம்."

யாரிடமும் நான் அதைக் கேட்டதில்லை.

"நான் மோசமா நடிச்சேன்னு ஒருத்தனும் சொன்னதில்ல. சீரியல் ஓடுன வரைக்கும் கடைத்தெருவுல 'அப்பா, அப்பா'ன்னு சுத்தி நிப்பாங்க. அந்த ஒரு ஷாட்டு போச்சு. அதோட எல்லாம் போச்சு. காரணம் தெரிஞ்சதால படுத்தா தூக்கம் வருது. இல்லன்னா என்னத்த நெனச்சுப் படுக்கறது, சொல்லு?"

ரூபி டீ கொண்டுவந்தாள். பழைய பழக்கத்தில் 'அத்தை' என்றே கூப்பிட்டாள். திருத்தவில்லை.

ஜூன் 14, வெள்ளி

லாரி வந்தது. வரிசையில் நான்காவது ஆள். எட்டுக் குடம்.

ஜூன் 20, வியாழன்

மழை. மண் வாசனை வரும் அளவுக்குத்தான். தெருவே வெளியில் வந்து நின்றது.

ஜூன் 24, திங்கள்

டெலிவிஷன் அத்தியாயத்துக்குப் படங்கள் வேண்டியிருந்தது. வசுமதி பழைய வீடியோ டேப்புகள் இருந்த பெட்டிகளைக் கொடுத்தாள். அவற்றைப் போட்டுக் காட்டும் இயந்திரத்தை வடபழனியில் ஒருவர் இன்னும் வைத்திருக்கிறார். பூஞ்சைக் காளான் பிடித்து முக்கால்வாசி போய்விட்டது. ஓடியவற்றில் ஒன்று அந்தச் சீரியலின் சாவுக் காட்சி. எடிட் செய்யாதது.

கூடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். சம்பங்கி மாலை, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு. மேலிருந்து ஒரு ஷாட், கட். உடனே சோமநாதனின் குரல் கேட்கிறது. "லைட்டு மினுக்குது, கரண்ட் எந்நேரமும் போகும். சாரோட சிரிப்பை இப்பவே எடுத்துருவோம்." ஞானதுரை கண்ணைத் திறக்கிறார். பஞ்சும் மாலையுமாகவே தலையைத் தூக்கி, கேமராவைப் பார்த்து நன்றாகச் சிரிக்கிறார். "போதுமாய்யா?" என்று கேட்கிறார். "போதும் சார், படுத்துக்குங்க." மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார். பெண்கள் அழத் தொடங்குகிறார்கள். அதன் பிறகுதான் கரண்ட் போகிறது.

ஆக, எடுத்திருக்கிறார்கள். நடுவில் எடுத்ததால் அவர் மறந்துவிட்டார்.

இன்றைக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. அந்தத் துண்டை மட்டும் என் போனில் ஏற்றித் தரச் சொன்னேன். பதினேழு வருடமாக இல்லாத ஒரு தோஷத்தைச் சுமந்துகொண்டிருக்கிறார் மனிதர். போனில் சொல்ல வேண்டாம், நேரில் போய்க் காட்டலாம். திருநெல்வேலி அல்வா வாங்கினேன்.

ஜூன் 26, புதன்

காட்டினேன்.

தனியாக எழுத ஒன்றுமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். "நல்லாத்தான் சிரிச்சிருக்கேன்" என்றார்.

"பாத்தீங்களா? எடுத்திருக்காங்க. நீங்க நெனச்ச மாதிரி ஒண்ணும் கிடையாது" என்றேன்.

"ம்."

பிறகு என்னைப் பார்த்து, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்ப வேற என்ன காரணம் வல்லி?"

அல்வாவை ரூபியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

மூன்றாவது அத்தியாயத்தை முடித்தேன். எழுபதுகளில் நடந்த தீ விபத்து பற்றி மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். தீயணைப்புத் துறைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

ஞானதுரைக்கு நான்கு தடவை போன் செய்தேன். அணைத்துவைத்திருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

ரூபி கூப்பிட்டாள்.

"மாமா போன்ல இருந்து சிம்மை எடுத்து என்கிட்ட குடுத்துட்டாரு அத்தை. இனிமே யாரும் கூப்பிடப்போறதில்ல, எதுக்கு வெட்டியாங்கறாரு. தலைக்கு மை போடறதில்ல. பாதிச் சோத்துல எந்திரிச்சுடறாரு. நீங்க வந்துட்டுப் போனதுக்கப்புறம்தான் இப்படி. என்ன சொன்னீங்க?"

"இருக்கறதைச் சொன்னேன்" என்றேன்.

"அதைத்தான் கேக்கறேன் அத்தை."

ஜூலை 9, செவ்வாய்

சோமநாதனைப் பார்க்க வளசரவாக்கம் போனேன். எண்பது வயதாகிறது. கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். நான் புத்தகத்துக்காக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு காபி போடச் சொன்னார்.

புத்தகத்துக்கான கேள்விகளை முடித்துவிட்டு, ஞானதுரைக்கு அப்புறம் ஏன் வேஷம் தரவில்லை என்று கேட்டேன். குடித்தாரா? நேரத்துக்கு வரமாட்டாரா? புரொடியூசரிடம் முறைத்துக்கொண்டாரா?

"சேச்சே, தங்கமான ஆள்."

"அப்புறம்?"

யோசித்தார். ஒளிக்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, உண்மையாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

"காரணம்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா சொல்ல? அப்பா வேஷத்துக்கு அப்ப ஊருல நூறு பேர் இருந்தாங்க. அடுத்த சீரியலுக்கு உக்காந்து ஆர்ட்டிஸ்ட் பேரெல்லாம் எழுதினேன். அவர் பேரு ஞாபகத்துக்கு வரல. அதுக்கடுத்ததுக்கும் வரல. அவ்வளவுதான். மத்த கம்பெனியிலயும் அப்படித்தான் இருந்திருக்கும்." காபியை ஆற்றிக் குடித்தார். "இப்ப நீங்க சொன்னப்புறம் தோணுது, நல்லாத்தான் பண்ணுவாரு. பாவம்."

பதில் கிடைத்துவிட்டது. பொதுவாக, கிடைத்த பதிலை உரியவரிடம் கொண்டுசேர்ப்பதுதான் என் வேலை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஜூலை 10, புதன்

மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கவில்லை. எழுதவும் இல்லை.

ஜூலை 13, சனி

போரூர் போனேன். தலை முழுக்க நரைத்திருக்கிறது. மைக்கு அடியில் இவ்வளவு இருந்திருக்கிறது. கட்டிலிலிருந்து எழாமலே "வா" என்றார்.

அந்த டேப்பில் உள்ள சிரிப்பு செல்லாது என்றேன்.

"எது செல்லாது?"

"மூக்குல பஞ்சு, கழுத்துல மாலை, நெத்தியில காசு. எதையும் எடுக்காமயே சிரிச்சிருக்கீங்க. அது செத்தவன் சிரிச்ச கணக்கு, எந்திரிச்சவன் சிரிச்ச கணக்கு இல்ல. மாலையக் கழட்டிட்டு உக்காந்துதான் சிரிக்கணும். பெரியவர் தியாகேசன் இருந்தவரைக்கும் அதுல கண்டிப்பா இருந்தாராம். சோமநாதன் காலத்துலதான் அவசரத்துல விட்டுட்டாங்க. புத்தகத்துக்காக விசாரிச்சப்ப தெரிஞ்சுது."

தியாகேசன் அப்படிச் சொன்னதற்கு என்னிடம் ஆதாரம் எதுவுமில்லை.

என்னை வெகுநேரம் பார்த்தார். சினிமாவிலும் சீரியலிலுமாக எத்தனையோ தடவை செத்து எழுந்தவர். ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். விரலால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"ஆமா" என்றார். "நானும் அப்பவே நெனச்சேன். மாலை கழுத்துல இருக்கேன்னு. சோமு அவசரப்படுத்திட்டான்."

"அப்படித்தான் இருக்கும்."

"அதான் காரணம், என்ன?"

"அதான்."

"நீ இவ்வளவு விசாரிச்சிருக்கியே" என்று தலையை ஆட்டினார். "பெரிய ரிப்போர்ட்டர்லா நீ."

நம்பிவிட்டார்.

ஸ்டுடியோவை இடிப்பதற்கு முன்னால் அதே ஃப்ளோரில் முறையாக எடுத்துவிடலாம், வசுமதியிடம் நான் பேசுகிறேன் என்றேன். சரி என்றார். இறங்கும்போது ரூபியைக் கூப்பிட்டு, சாதம் இருக்கிறதா என்று கேட்பது காதில் விழுந்தது.

ஜூலை 15, திங்கள்

வசுமதி ஒரே வார்த்தையில் சம்மதித்தாள். சமையல் நிகழ்ச்சிக்காரர்கள் 28ஆம் தேதியோடு காலி செய்கிறார்கள். அன்றைக்கு அவர்கள் முடித்ததும் கேமராவை அரைமணி நேரம் தருவார்கள்.

'ஆக்‌ஷன்' சொல்ல சோமநாதனைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஞானதுரை ரூபி மூலமாகச் சொல்லியனுப்பினார். கூப்பிட்டேன்.

"யார் சொன்னது, மாலையோட சிரிச்சா செல்லாதுன்னு? எங்க செட்டுல எல்லாரும் மாலையோடதானே சிரிப்பாங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அவன் நம்பினானா?"

"நம்பினார்."

"வரேன்மா" என்றார் சோமநாதன். "வண்டி மட்டும் அனுப்பிடுங்க."

ஜூலை 22, திங்கள்

தீயணைப்புத் துறையிலிருந்து பதில் இல்லை. மூன்று விதத்தையும் அப்படியே எழுதிவிட்டேன்.

கன்னியப்பனிடம் ஞானதுரையின் படத்தை வாங்கிக்கொண்டேன். புத்தகத்தில் பயன்படலாம். பழைய பொட்டு ஒட்டியிருந்தது, ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது. அலமாரியில் அகராதிகளை ஓரமாகத் தள்ளி இடம் பண்ணினேன்.

ஜூலை 28, ஞாயிறு

மூன்றரைக்கு சமையல் நிகழ்ச்சி முடிந்தது. கடைசி நாள் என்பதால் எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

ஞானதுரை வெள்ளை வேட்டி, சட்டையில் வந்திருந்தார். நரையை மறைக்கவில்லை. மாடிப்படியை ஒரு கையால் தொட்டுப் பார்த்தார். கன்னியப்பன் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஜமுக்காளம் விரித்தார்.

"தலை எந்தப் பக்கம்யா இருந்தது?" என்றார் சோமநாதன். அவருக்கு நாற்காலி போட்டிருந்தோம்.

"தெற்கே சார்" என்றார் கன்னியப்பன்.

"அப்ப மாடிப்படி என் இடது கைக்கு வரணுமே."

"கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு இடது எதுன்னு தெரியுதா சார்?" என்றார் ஞானதுரை, படுத்துக்கொண்டே.

"பொணம் பேசக் கூடாது."

"வெங்காய வாசம் தூக்குது. அழறவங்களுக்குச் சௌகரியமா இருக்கும்."

"அழ ஆள் இல்லடா. இருக்கறவங்களை வச்சுத்தான் எடுக்கணும்."

எல்லாரும் சிரித்தோம். கேமராமேன் தில்லை, சமையல் நிகழ்ச்சிக்கு வாணலியைப் படம் பிடிக்கிறவர், மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். நெற்றிக் காசைக் கன்னியப்பன் ஒட்டினார். பஞ்சும் அவரே வைத்தார். மாலையை என்னிடம் கொடுத்தார். நான் போட்டேன்.

சாவு ஷாட் முதல் தடவையிலேயே சரியாக வந்தது. மூச்சு விடுவது எனக்கே தெரியவில்லை. சோமநாதன் கட் சொன்னதும் மாலையையும் பஞ்சையும் காசையும் எடுத்தோம். எழுந்து உட்காரவைத்தோம்.

"ஸ்டார்ட் கேமரா. சிரிங்க சார்."

அவர் கேமராவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஃப்ளோரைப் பார்த்தார், படியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மறுபடி கேமராவைப் பார்த்தார். உதடு விரியவில்லை.

"சிரிடா துரை."

"இரு சார். வரட்டும்."

காத்திருந்தோம். கூரைமேல் காக்கை நடந்தது. அதை விரட்ட யாரும் போகவில்லை. அவருடைய முகம் கல் மாதிரி இருந்தது. கைகள் மட்டும் ஜமுக்காளத்தைப் பிடித்திருந்தன. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

கடைசியில் சோமநாதன்தான் தாளமாட்டாமல், "போதும்டா. பரவால்ல. கட்" என்றார்.

கட் என்ற சத்தம் கேட்டதும் ஞானதுரையின் தோள் இறங்கியது. எந்த நடிகருக்கும் அப்படித்தான், அந்தச் சொல்லுக்கு உடம்பு பழகியிருக்கும். உட்கார்ந்தபடியே மூச்சை விட்டார். என்னைப் பார்த்தார். சிரித்தார். வாய் நிறைய, கண் சுருங்க, கல்யாணமான புதிதில் பாளையங்கோட்டை வீட்டில் பார்த்த சிரிப்பு.

கேமராவின் சிவப்பு விளக்கு அதற்குள் அணைந்திருந்தது. கட் சொன்னால் நிறுத்த வேண்டும், தில்லை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்து, பதிவாகவில்லை என்று லேசாகத் தலையை ஆட்டினார். சோமநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கேமராவுல விழுந்துச்சா, ஏட்டி?" என்றார் ஞானதுரை.

ஏட்டி என்று என்னைக் கூப்பிட்டு முப்பது வருடம் இருக்கும்.

"விழுந்துச்சு" என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கிழக்குச் சுவரில் தொடங்கினார்கள். தேங்காய் நார் இன்னும் கெடாமல் இருக்கிறது. சாலை முழுக்க அது பறந்தது. ஒரு மணி நேரம் நின்று குறிப்பு எடுத்தேன். இரண்டாம் ஃப்ளோர் நாளைக்கு என்றார்கள். நான் போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரூபி கூப்பிட்டாள். மாமா சிம்மைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டுவிட்டாராம். போன் மறுபடி சார்ஜரில். மை மட்டும் போடவில்லை, தாத்தா வேஷத்துக்கு நரைதான் சரி என்கிறாராம்.

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"எங்க அத்தை?"

சாயங்காலம் நான் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "யாரு பேசறது?" என்ற குரலில் இருந்த மிடுக்கு, என் பெயரைச் சொன்னதும் இறங்கியது. ஆனாலும் பேசினார். என்ன சமைத்தேன் என்று கேட்டார்.

செப்டம்பர் 18, புதன்

புத்தகத்தின் கடைசிப் பிழைதிருத்தம். வசுமதி பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனில் கேட்டாள். பெயர்கள், வருடங்கள், 1958. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"கடைசி வரி மட்டும் மேடம். 'இரண்டாம் ஃப்ளோரில் கடைசியாக எடுத்தது, நடிகர் ஞானதுரையின் சிரிப்பு.' இங்க அவர் சிரிக்கிற படம் போடலாம்னு தில்லை குடுத்ததை ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். அவர் சிரிக்கவே இல்லையே. உம்முனுதானே உக்காந்திருக்கார்?"

"ஆமா."

"அப்புறம் எதை வச்சு எழுதினீங்க?"

"நான் அங்க இருந்தேன்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"மாத்தணுமா மேடம்?"

"வேண்டாம். அவருக்கு ஒரு பிரதி போகும்" என்றேன். "அப்படியே விட்டுடு."